கண்ணாடி இல்லாம விக்கிற துவக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட பேப்பரில உள்பக்கத்தில வந்த ஒரு சின்னச் செய்தியப் பாத்துத்தான் இத எழுதுறன். திருவிழாக் கடையில வாங்கின 'எயார் கன்' பட்டு ஒரு பிள்ளைக்குக் கண்ணில காயம் எண்டு போட்டிருந்தீங்க. செய்தியப் போட்டது நல்லம், ஆனா அது எயார் கன் இல்ல ஐயா. எயார் கன் எண்டா ஈயக்குண்டு போடுற சாமான், 4.5 மில்லிமீற்றர் குண்டு, அணில் புறா அடிபட்டா செத்துப்போகும். கடைத்தெருவில விக்கிறது 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் உருண்டை போடுறது, அதுக்குப் பேர் எயார்சொஃப்ட், பெடியள் பிபி துவக்கு எண்டுவாங்கள். இதில என்ன பெரிய வித்தியாசம் எண்டு நீங்க கேப்பீங்க. எயார் கன் எண்டு நீங்க போட்டா வாசிக்கிற தாய் தகப்பன் "அது வேற சாமான், எங்கட பிள்ளை வச்சிருக்கிறது சும்மா பிளாஸ்ரிக் தானே" எண்டு பக்கத்தத் திருப்பிடுவாங்க, வீட்டில கட்டிலுக்குக் கீழ கிடக்கிறது அதே சாமான் தான் எண்டு அவங்களுக்கு விளங்கவே விளங்காது.

நான் திருகோணமலை ரவுணில சின்னதா ஒரு ரிப்பேர்க் கடை வச்சிருக்கிறன், ரேடியோ, மிக்சி, ஃபேன், எமர்ஜென்சி லைற் எண்டு எல்லாம் வரும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவும் கோணேசர் கோயில் திருவிழாவும் முடிஞ்ச கையோட இந்தத் துவக்குகளும் மேசைக்கு வரும், கிண்ணியா மூதூர்ப் பக்கம் பெருநாள் முடிஞ்சாலும் வரும். கொண்டாற தகப்பன்மாருக்கு இது விளையாட்டுச் சாமான், எனக்கு அப்பிடி இல்ல, ஏனெண்டா லண்டனில இருக்கிற என்ர அக்காட மகன் இத ஒரு பொழுதுபோக்கா ஒழுங்கா விளையாடுறவன், போன் எடுத்தா அரை மணித்தியாலம் இந்தக் கதை தான். அவன் சொல்லுறதையும் நான் மேசையில கழட்டிப் பாக்கிறதையும் சேத்துப் பாத்தா, அவன்ர துவக்குக்கும் இந்தத் திருவிழாத் துவக்குக்கும் உள்ளுக்க இருக்கிற வேலை ஒண்டு தான்.

பிஸ்டல நாலு ஸ்குரு கழட்டித் திறந்தா ஒரு ஸ்பிரிங், அதுக்கு முன்னால ரப்பர் வளையம் போட்ட பிஸ்டன், அது ஓடுற ஒரு சிலிண்டர், முன்னுக்கு ஒரு சின்ன நொசில். மேல்பக்கத்தப் பின்னால இழுத்தா ஸ்பிரிங் மடங்கிக் கொக்கியில நிக்கும், விசைய அமத்தினா பிஸ்டன் சைக்கிள் பம்பு மாதிரி முன்னுக்குப் பாஞ்சு காத்தத் தள்ளும், அந்தக் காத்து உருண்டையத் தள்ளும், அவ்வளவு தான். இதே வேலைய ஒரு மோட்டரும் பல்லுச்சில்லும் செய்தா அதுதான் எலெக்ரிக் துவக்கு, சுருக்கமா ஏ.இ.ஜி. எண்டுவாங்கள். காஸ் அடைச்சுச் சுடுறது மூண்டாவது வகை. ஜப்பானில சனம் உண்மையான துவக்கு வச்சிருக்கேலாது எண்டபடியா 1970களில இந்த விளையாட்டு அங்க தான் தொடங்கினது, 1991இல ரோக்கியோ மருயி எண்ட கொம்பனி முதலாவது ஏ.இ.ஜி.ய இறக்கினபிறகு தான் உலகம் முழுக்கப் பரவினது.

காஸ் துவக்கப் பத்தி ஒண்டு சொல்லோணும், கிரீன் காஸ் எண்டு விக்கிறது புரொப்பேன் தான், கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய் கலந்திருக்கும். சூடு ஏற ஏற உள்ளுக்க பிரஷர் ஏறும், லண்டன் குளிரில ஒழுங்காச் சுடுற துவக்கு எங்கட ஊர் ஏப்பிரல் வெயிலுக்க அதவிட வேகமாச் சுடும், காருக்குள்ள அந்த ரின்ன விட்டிட்டுப் போறது அதவிட மோசம்.

இப்ப நீங்க அந்தச் செய்தியில கேட்டிருக்கவேண்டிய கேள்விக்கு வாறன், அது எவ்வளவு பலமாச் சுடுது எண்டது. விளையாடுறவங்க இத எஃப்.பி.எஸ். எண்டு கதைப்பாங்க, செக்கனுக்கு எத்தனை அடி எண்டு, ஆனா உருண்டையின்ர பாரம் தெரியாம அந்த நம்பரில ஒரு பிரயோசனமும் இல்ல. உருண்டை 0.12 கிராமிலயும் இருக்கு, 0.20, 0.25, 0.28 எண்டு ஏறிக்கொண்டு போகும். 0.20 கிராம் உருண்டை 328 எஃப்.பி.எஸ்.இல போனா அது செக்கனுக்கு 100 மீற்றர், கணக்குப் பாத்தா சரியா 1 ஜூல், ஜூல் எண்டா உருண்டையின்ர அடிப்பலத்த அளக்கிற அளவு. ஜப்பானில சட்டம் 1 ஜூலுக்குக் கொஞ்சம் கீழ, 0.98இல நிப்பாட்டுது. இங்கிலாந்தில 2017இல வந்த சட்டப்படி தொடர்ந்து சுடுறதுக்கு 1.3, ஒவ்வொண்டாச் சுடுறதுக்கு 2.5. மைதானத்துக்குள்ள போறதுக்கு முதலே வாசலில குரோனோ எண்ட வேகம் அளக்கிற மெசினுக்கு முன்னால வச்சு ஒவ்வொரு துவக்கையும் சுட்டுப் பாத்து, கூடினா வெளிய போ எண்டு அனுப்பிடுவாங்களாம். அதிலயும் சுத்துமாத்து இருக்கு, லேசான உருண்டையப் போட்டுக் காட்டிட்டு உள்ளுக்க போய்ப் பாரமான உருண்டை போடுவாங்கள், காஸ் துவக்கில பாரம் கூடினா அடியும் கூடும், அதப் பிடிக்கத்தான் இப்ப விளையாடப்போற உருண்டையப் போட்டே அளக்கிறாங்களாம். நான் கடையில பாத்த பெட்டியள் ஒண்டிலயும் ஜூலும் இல்ல, கிராமும் இல்ல, ராணுவக்காரன்ட படம் மட்டும் பெரிசா இருக்கு.

பரல் எண்ட துவக்குக் குழாய்க்குப் பின்னால ஹொப்-அப் எண்டு ஒரு சின்ன ரப்பர் இருக்கும், அது உருண்டையின்ர மேல்பக்கத்தில உரஞ்சிப் பின்சுழற்சி குடுக்கும், அதால உருண்டை விழாம கன தூரம் நேராப் போகும். மலிவுத் துவக்குகளிலயும் அசையாத ஒரு ரப்பர் துண்டு வச்சு இந்த வேலையச் செய்திருக்கிறாங்கள், அப்ப கிட்டத்தில விழுந்திடும் தானே எண்டு நம்பி இருக்கேலாது.

பெரிய பிரச்சினை உருண்டையில. ஒழுங்கான உருண்டை 5.95 மில்லிமீற்றர், பளபளப்பா, ஒட்டுக் கோடு இல்லாம இருக்கும். எங்கட பெடியள் என்ன செய்யிறாங்கள் எண்டா பக்கெற் முடிஞ்ச உடன கடற்கரை மணலிலயும் முத்தத்திலயும் கிடக்கிறத பொறுக்கித் திருப்பிப் போடுறாங்கள், மணல் ஒட்டி, வெடிச்சு, நெளிஞ்சு கிடக்கிறத. அது பரலுக்குள்ள இறுகும். இறுகினா பிள்ளை என்ன செய்யும், துவக்கத் திருப்பி ஓட்டைக்குள்ள கண்ண வச்சுப் பாக்கும். என்ர கடையிலயே ஒரு பொடியன் தகப்பனுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு எனக்கு அப்பிடித்தான் காட்டினவன், "மாமா உள்ளுக்க நிக்குது பாருங்கோ" எண்டு, எனக்கு ஈரல் குலை நடுங்கிப் போச்சு. தகப்பன் சொல்லுறார் மகசீன் (உருண்டை அடைக்கிற பெட்டி) கழட்டித்தானே இருக்கு எண்டு. மகசீனக் கழட்டினாலும் சிலவேளை பரலுக்குள்ள ஒரு உருண்டை நிக்கும் ஐயா, இதத்தான் நீங்க பெரிய எழுத்தில போடோணும். விளையாடுறவங்க மகசீனக் கழட்டி, நிலத்தப் பாத்து ரெண்டு மூண்டு தரம் வெறுமனச் சுட்டு, சேஃப்டியப் போட்டு, பரல் வாயில ஒரு சீலைப் பையையும் மாட்டித்தான் சேஃப் சோன் எண்ட, சுடக்கூடாத இடத்துக்குள்ள வரலாம். பிளாஸ்ரிக் உருண்டை மண்ணில உக்காது, அங்க காட்டில விளையாடுறவங்க உக்கக்கூடிய பயோ உருண்டை தான் போடோணுமாம், எங்கட டச்சுக்குடாவுக்க எத்தனை போய்ச் சேர்ந்திருக்கோ தெரியாது.

கண்ணாடிக் கதை தான் முக்கியம். மருமகன்ட சாமான் லிஸ்ற்ற எடுத்தா முதலாவது துவக்கு இல்ல, கண்ணாடி. துவக்க வாடகைக்கு எடுத்தும் விளையாடலாம், ஆனா கண்ணாடி இல்லாம வாசல் தாண்ட விடமாட்டாங்க. கூலிங் கிளாஸ் சரிவராது, பக்கவாட்டால உருண்டை பூந்திடும், உடைஞ்சாக் கண்ணாடித் துண்டும் சேந்து கண்ணுக்க போகும். ஐரோப்பாவில ஈ.என். 166 எண்டு ஒரு தரம் போட்ட கண்ணாடி இருக்கு, அந்தத் தரத்துக்குக் கண்ணாடிய எப்பிடிச் சோதிச்சாங்க எண்டா 6 மில்லிமீற்றர் இரும்பு உருண்டை, 0.86 கிராம், அதக் கண்ணாடிக்கு அடிச்சுப் பாத்தாங்க. எஃப் எண்டு எழுத்து இருந்தா செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்துக்குத் தாங்கும், பி எண்டா 120 மீற்றர். இந்த விளையாட்டுக்கு முகத்தோட ஒட்டிப் பட்டி போட்ட, பி எழுத்து இருக்கிற கண்ணாடி தான் சரி. எங்கட ஹாட்வெயார்க் கடையில கிரைண்டர்க்காரருக்கு விக்கிறதில அனேகமானது ரெண்டு பக்கமும் இடைவெளி விட்டது, அது தூசிக்குச் சரி, இதுக்குச் சரிவராது. எங்கட ஊர்ப் புழுக்கத்துக்குக் கண்ணாடி ஆவி பிடிக்கும், பிடிச்ச உடன பிள்ளை அத நெத்திக்குத் தூக்கும், அங்க அப்பிடித் தூக்கினா அண்டைக்கு விளையாட்டில்ல. கம்பி வலை போட்டதும் இருக்கு, ஆவி பிடிக்காது, ஆனா உருண்டை உடைஞ்சா தூள் உள்ள வரும், எனக்கு அதில நம்பிக்கை இல்ல.

கண்ணில பட்டா வெளிய ஒண்டும் தெரியாம இருக்கும், அதுதான் பயம். உள்ளுக்க ரத்தம் கட்டலாம், லென்ஸ் மங்கிப் புரை விழலாம், விழித்திரை கிழியலாம், கண் பிரஷர் கன வருசத்துக்குப் பிறகும் ஏறலாம். ஆகையால சிவப்பு மாறிப்போச்சு எண்டு விட்டிடாதீங்க. கசக்கக் கூடாது, அமத்தக் கூடாது, எங்கட ஆக்கள் விடுற மாதிரித் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு ஒண்டும் விடக் கூடாது, ஒரு கடதாசிக் கோப்பையக் கண்ணில முட்டாமக் கவிட்டு ஒட்டிக்கொண்டு நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

மற்றச் சாமானெல்லாம் ஸ்ரைலுக்கு. நெஞ்சில மாட்டிற பிளேற் கரியர், தோளில போடுற ஸ்லிங், கைக்கு உறை, நிறைய உருண்டை கொள்ளுற ஹை-கப் மகசீன் (அடியில இருக்கிற சில்லச் சுத்தோணும், ஓடினா கிலுகிலு எண்டு சத்தம் போட்டு ஆளக் காட்டிக் குடுத்திடும்), அதில குறைஞ்சது மிட்-கப், லோ-கப். பற்றறி மட்டும் விளையாட்டில்ல, எலெக்ரிக் துவக்குக்குப் போடுற லிப்போ எண்ட லித்தியம் பற்றறிய வேற சார்ஜரில போட்டா நெருப்புப் பிடிக்கும், வீங்கினத என்ர கடைக்குக் கொண்டுவந்து திருத்தித் தாங்கோ எண்டு கேக்காதீங்க, அத ஒருத்தரும் திருத்தேலாது.

எனக்கு அந்த விளையாட்டில பிடிச்சது ஒண்டு இருக்கு. பெயின்ற்போலில நிறம் ஒட்டும், பட்டது எல்லாருக்கும் தெரியும், இதில ஒண்டும் ஒட்டாது. பட்டவன் தானே கையத் தூக்கி "ஹிட்" எண்டு கத்தி, சிவப்புச் சீலைய எடுத்துத் தலையில போட்டுக்கொண்டு வெளிய நடக்கோணும், பிறகு ரீஸ்போன் எண்ட இடத்துக்குப் போய்த்தான் திருப்பி வரலாம். சொல்லாதவனுக்கு அங்க மரியாதை இல்லையாம். எங்கட பெடியள் மக்கெய்சர் மைதானத்தில கிரிக்கெற் விளையாடேக்க பற்றில பட்டுக் கீப்பர் பிடிச்சாலும் போகாம நிக்கிறவங்கள், இது இங்க சரிவருமோ எண்டு நான் மருமகனிட்டக் கேட்டன், சிரிக்கிறான்.

சாமானின்ர உருவத்தப் பத்தியும் சொல்லோணும். அமெரிக்காவில முன்வாய் ஒறேஞ் நிறத்தில இருந்தாத்தான் இறக்கலாம். இங்கிலாந்தில ஒழுங்கா மைதானத்தில விளையாடுறவன் எண்டு காட்டினாத்தான் அசல் மாதிரிக் கறுப்பில குடுப்பாங்க, மற்றவனுக்குப் பச்சை நீலம் அடிச்சது தான், அதுவும் பதினெட்டு வயசுக்கு மேல. இங்க ஒறேஞ் மூடியோட வந்தாலும் பெடியள் கறுப்பு மார்க்கர் அடிச்சிட்டுச் சைக்கிளில கொண்டு திரியிறாங்கள். நேவி, ஆமி, பொலிஸ் எல்லாம் நிக்கிற ஊர், துவக்கக் கண்டா ஒதுங்கி நிண்டு பழகின சனம், மம்மல் நேரத்தில ஒரு பொடியன் கறுப்புத் துவக்கோட சந்தியால வந்தா அது விளையாட்டெண்டு ஆருக்குத் தெரியும்? எங்கட வயசு ஆக்களுக்கு இத விளங்கப்படுத்தத் தேவையில்ல. வெளிநாட்டில இருந்து பெரிய துவக்கு எடுத்துக்கொண்டு வரப்போறம் எண்டு யோசிக்கிற பெடியளும் முதல்ல கஸ்ரம்சிலயும் பாதுகாப்பு அமைச்சிலயும் எழுத்தில கேட்டிட்டு எடுங்கோ, எயார்போட்டில நிண்டு அழுது பிரயோசனமில்ல.

இத முழுக்கத் தடை செய்யச் சொல்லி நான் கேக்கேல்ல, மருமகன் விளையாடுறதப் பாத்தா ஓட்டம், சத்தம், சினேகிதம் எல்லாம் இருக்கு. ஆனா அந்த விளையாட்டில பாதிச் சாமான விட்டிட்டுத் துவக்க மட்டும் தனியா எடுத்துச் சின்னப் பிள்ளையிட்ட விக்கிறது தான் பிழை. திருவிழாக் கடைக்கு இடம் குடுக்கிறவங்க ஒரு நிபந்தனை போடலாம், 6 மில்லிமீற்றர் உருண்டை சுடுற சாமான் விக்கிறதெண்டா அதே பெட்டிக்குள்ள முகத்தோட ஒட்டுற கண்ணாடியும் இருக்கோணும், பெட்டியில ஜூல் எழுதியிருக்கோணும், ரெண்டும் இல்லாட்டி விக்கேலாது எண்டு. உங்கட நிருபரும் அடுத்தமுறை இப்பிடிச் செய்தி எழுதேக்க உருண்டை என்ன சைஸ், ஈயமோ பிளாஸ்ரிக்கோ, பிள்ளை கண்ணாடி போட்டிருந்ததோ எண்டு கேட்டுப் போடட்டும். கடைக்காரர் திருவிழாவுக்குக் கன நாள் முதலே புறக்கோட்டையில மொத்தமாச் சாமான் எடுத்திடுவாங்க, கொடியேறினபிறகு போய்ச் சொன்னா அவங்களுக்கும் நட்டம், சொல்லுறதெண்டா இப்பவே சொல்லோணும்.

இப்படிக்கு,
ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.