ஓடிப்போய்த் தூக்குவதற்கு முன்

காலாட்படைப் பயிற்சி மையங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். விழுந்த தோழனை மீட்கப் போய்த் தானும் விழுந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறோம். அந்தத் துணிச்சலை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே பிரிவில் உண்டு உறங்கியவனுக்கு அது தானாகவே வரும். அது வீண்போகாமலிருக்கும் வழிமுறையைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

2001 முதல் 2011 வரை களக்காயத்தால் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வில், பெரும்பாலோர் மருத்துவமனையை எட்டுமுன்பே இறந்தது தெரியவந்தது. அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பிழைத்திருக்கக்கூடியவர். அந்த ஒருவரைக் கொன்றது பெரும்பாலும் இரத்தப்போக்கு.

குண்டு பாயும்போது முதல் சிகிச்சை எதிரியைத் திருப்பிச் சுடுவதுதான். எதிரியின் துப்பாக்கி அடங்குமுன் ஓடினால், ஒருவர் கிடந்த இடத்தில் இருவர் கிடப்பார்கள். குரல் கொடுங்கள், ஊர்ந்து மறைவுக்கு வரச் சொல்லுங்கள், தன் டூர்னிகெட்டை, அதாவது குச்சியால் முறுக்கிக் கை, காலை இறுக்கி இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டையை, தானே கட்டச் சொல்லுங்கள். முடியாதவரைக் கவச உடையின் பின்பிடியைப் பற்றித் தரையோடு இழுங்கள். தோளில் தூக்கினால் இருவரும் இலக்கு.

டூர்னிகெட் தோற்பதற்குப் பெருங்காரணம் தொய்வு. முறுக்குக் குச்சியைத் திருகுமுன் பட்டையை இழுத்து இறுக்கியாக வேண்டும். அரைகுறை இறுக்கம் கட்டாததை விட மோசம்: இரத்தம் திரும்பிச் செல்லும் சிரை அடைபடும், இரத்தம் கொண்டுவரும் தமனி ஓடிக்கொண்டே இருக்கும், இரத்தம் இன்னும் கொட்டும். துப்பாக்கிச் சூட்டின் நடுவே உடைமேலேயே கை, காலின் மேல்நுனியில் கட்டலாம். அடியில் சட்டைப்பைப் பொருள் எதுவும் சிக்கக் கூடாது. மறைவுக்கு வந்தபின் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, தோலின்மீது மாற்றிக் கட்டி, கீழே நாடி நின்றதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் பக்கத்திலேயே இரண்டாவது. கட்டிய நேரத்தை எழுதுங்கள். கவட்டிலும் அக்குளிலும் டூர்னிகெட் நிற்காது. அங்கே இரத்தம் உறைய வைக்கும் துணியைத் திணித்து 3 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும்.

இங்கேதான் நட்பே எதிரியாகிறது. சரியாக இறுக்கிய டூர்னிகெட் கடுமையாக வலிக்கும். "தளர்த்துடா" என்று தோழன் கெஞ்சுவான். மனம் இளகித் தளர்த்திவிட்டால் அவன் போய்விடுவான். கெஞ்சும் குரலை வைத்தே பயிற்சி கொடுங்கள்.

வேண்டுவது இவ்வளவே. ஒவ்வொருவரும் தன் டூர்னிகெட்டை இரு கைக்கும் எட்டும் ஒரே இடத்தில் வைக்கட்டும். காயப்பட்டவருக்கு அவருடையதையே எடுங்கள். பயிற்சியில் தேய்ந்ததைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். இருட்டில், ஈரக் கையால், முழுச் சுமையோடு, ஒற்றைக் கையால் கட்டிப் பழகும் நேரத்தை அடுத்த அட்டவணையிலேயே சேருங்கள்.

இப்படிக்கு,
களமுதலுதவி கற்பிப்போர்