துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் 2019–2020ஆம் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று வருகை தந்துள்ள சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஊரடங்கினால் தள்ளிப்போன பொதுக்குழு இப்போதாவது கூடியிருப்பதால், 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரையிலான சங்க நடவடிக்கைகளை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். சுதந்திர தினமும் குடியரசு தினமும் கொடியேற்றத்துடன் கொண்டாடப்பட்டன. மாணவர்களுக்கான கோடைப் பயிற்சி முகாம் மே மாதம் நடைபெற்றது. ஆயுத பூஜை சுடுதளத்தில் எளிய முறையில் நடந்தது. பொரியும் சுண்டலும் குறைவின்றி வழங்கப்பட்டன. செயற்குழு விதிப்படி கூடியது.

மக்களவைத் தேர்தலையொட்டி உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது எல்லா மாவட்டத்தாருக்கும் உள்ளதே. ஆனால் நம் வேலூர்த் தொகுதியில் ஏப்ரல் 18 அன்று நடந்திருக்க வேண்டிய வாக்குப்பதிவு, பணம் பறிமுதலானதைத் தொடர்ந்து இரண்டு நாள் முன்னதாக ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்றுதான் நடைபெற்றது. மற்ற ஊர்க்காரர்கள் பயிற்சியைத் தொடங்கிவிட்ட பிறகும் நம்மவர் சிலருடைய ரைஃபிள்கள் நிலையத்திலேயே கிடந்தன. தேசிய ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளில் கலந்துகொள்பவருக்கு இந்த ஒப்படைப்பிலிருந்து விலக்கு அளிக்கத் தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல்களிலேயே இடம் உண்டு. அதற்கு நம் சங்கத்தின் நடப்பாண்டுச் சான்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள். சந்தா கட்டாதவரை நடப்பு உறுப்பினர் என்று எழுதிக் கையொப்பமிட என்னால் இயலாது என்பதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அப்படிச் சான்று பெறாத ஓர் உறுப்பினருடன் ஆகஸ்ட் இறுதியில் நானும் நிலையத்திற்குச் சென்றிருந்தேன். அவருடைய .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ரைஃபிளைக் கோணியில் சுற்றி, வரிசை எண் எழுதிய அட்டையைச் சணலால் கட்டி, இரட்டைக்குழல் துப்பாக்கிகளோடு சேர்த்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். தோட்டா அறையை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தபோது விரலில் துருப்பொடி ஒட்டிக்கொண்டது. அவர் அதன் பின்னரும் சந்தா கட்டவில்லை என்பது தனிக்கதை.

இனி, இவ்வாண்டின் முதன்மையான செய்திக்கு வருகிறேன். நவம்பர் 28 அன்று நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. உரிமத்தை இனி எந்த ஆட்சியர் அலுவலகத்தில் புதுப்பிப்பது என்று வாலாஜா, ஆம்பூர் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மறுநாள் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்போது ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்க முடிந்தது. அதை ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பது மசோதாவின் முதல் வடிவம். அன்றிரவே வாட்ஸ்அப்பில், இருக்கும் துப்பாக்கியை எல்லாம் பிடுங்கப் போகிறார்கள் என்று செய்தி பரவியது.

டிசம்பர் முதல் வாரத்தில் நடத்திய அவசரக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. சுடுதளம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டு வந்த ஆயுள் உறுப்பினர்களையும் அன்று கண்டேன். பேரணாம்பட்டுப் பக்கத்து விவசாயிகள் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசினார்கள். கம்மவான்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து வந்த முன்னாள் படைவீரர்கள், வங்கிக் காவல் வேலைக்கு வைத்திருக்கும் ஒற்றைத் துப்பாக்கிக்கும் ஆபத்து வருமா என்று கேட்டார்கள். வராது என்று விளக்கியதும் காப்பி குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். நெடுநேரம் பேசியவர்கள், தாத்தா காலத்து இரட்டைக்குழலைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களே. குற்றம் செய்கிறவன் உரிமம் வாங்கிக்கொண்டா செய்கிறான், கள்ளத்துப்பாக்கியைப் பிடிக்காமல் நம்மிடம் ஏன் வருகிறார்கள் என்ற அவர்களது கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாதத்தையும் விளையாட்டு வீரரின் வாதத்தையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டுமே எடுபடாது என்பது என் கருத்து.

விளையாட்டு வீரரின் சிக்கல் வேறு. 50 மீட்டர் ரைஃபிளும் 25 மீட்டர் பிஸ்டலும் சுடுகிறவரிடம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால், இரண்டில் ஒரு போட்டியை அவர் கைவிட நேரும் என்பதே அவரது அச்சம். ஆனால் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில், மைய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர் குறிப்பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்ற விலக்கு முன்பே இருந்தது. மசோதா இந்த விலக்கைக் குறைக்கவில்லை. அந்த இரண்டு வகை என்பதை எந்தத் துப்பாக்கியும் என்று விரிவாக்கியது. இதை நான் படித்துக் காட்டியபோது கூட்டத்தில் பாதிப்பேர் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மீண்டும் எழுத்தில் பதிவு செய்கிறேன்: வீரரைக் காப்பது சங்கத்தின் அங்கீகாரம், சங்கத்தைக் காப்பது அதில் உண்மையாகச் சுடுகிற, சந்தா கட்டுகிற உறுப்பினர்கள்.

அந்த அடிப்படையில் மனு ஒன்றை நானே வரைந்து, செயற்குழுவின் ஒப்புதலுடன் மாநிலச் சங்கத்தின் வழியாக அனுப்பினேன். மசோதா டிசம்பர் 9 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியபோது ஒன்று என்பது இரண்டாகியிருந்தது. உரிமக் காலமும் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. நம் மனுவால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; நாடெங்கிலுமிருந்து எழுதினார்கள். நம்முடையதும் அந்த மனுக்கட்டுக்குள் இருந்தது. அடுத்து 2020 பிப்ரவரி 12 அன்று வெளியான உள்துறை அறிவிக்கையின்படி, ‘புகழ்பெற்ற வீரர்’ என்ற வகையில் வருவோர் கலந்துகொள்ளும் போட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து எட்டு முதல் பன்னிரண்டு துப்பாக்கிகள் வரை கூடுதலாக வைத்திருக்கலாம்; .22 தோட்டாக்களின் அளவும் 1000இலிருந்து 5000 ஆனது. நம் சங்கத்தில் அப்படிப் புகழ்பெற்றவர் இதுவரை எவரும் இல்லை. மனு தொடர்பாகச் சென்னைக்குச் சென்றுவந்த பேருந்துக் கட்டணமும் நகல் செலவும் பற்றிச் சிலர் வெளியில் பேசிவருவதாக அறிகிறேன். வவுச்சர்கள் பொருளாளரிடம் உள்ளன, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம்.

வரவு செலவைப் பொருத்தவரை, வரவு எதிர்பார்த்த அளவு இல்லை. செலவைக் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். சுடுதள வாடகை, மின்கட்டணம், பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு), இலக்கு அட்டை ஆகியவற்றிற்கே பெரும்பகுதி சென்றுவிட்டது. விவரம் தணிக்கையாளரின் அறிக்கையில் உள்ளது. சந்தா நிலுவைப் பட்டியலைப் பெயர்களுடன் படிக்க வேண்டாம் என்று தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. அவசரக் கூட்டத்தில் உரக்கப் பேசியவர்களின் பெயர்கள் அப்பட்டியலில் மிகுதி என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். மாறாக, சொந்த ரைஃபிள்கூட இல்லாத பள்ளி மாணவியர் சிலர் சங்கத்தின் பழைய ஏர் ரைஃபிளை முறைவைத்து எடுத்து, 10 மீட்டர் தொலைவில் அரை மில்லிமீட்டர் அளவே உள்ள, பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளிக்கு வாரந்தோறும் குறிவைக்கிறார்கள். அவர்களுடைய கட்டணம் ஒரு மாதமும் தவறியதில்லை.

காவல்துறை அதிகாரிகளுக்கும், இடத்தின் உரிமையாளருக்கும், தணிக்கையாளருக்கும், ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு குறித்துச் சில சொற்கள். சட்டப்படி இரண்டுக்கு மேற்பட்டு வைத்திருப்போர் 2020 டிசம்பர் நடுப்பகுதிக்குள் கூடுதல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். விளையாட்டு வீரர் என்ற முறையில் விலக்குக் கோருவோருக்குச் சங்கச் சான்று தேவைப்படும்; அதற்கு நவம்பர் இறுதிவரை விண்ணப்பிக்கலாம். நிலுவையைத் தீர்த்தவரின் விண்ணப்பமே பரிசீலிக்கப்படும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாயிலருகே அமர்ந்திருக்கிறார். செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு ஆசை ஏதுமில்லை. முன்வருபவர் எவரேனும் இருந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைக்கத் தயாராக உள்ளேன். இல்லையெனில் என்ன செய்வது என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும்.

இவ்வறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்