அக்கா, பிள்ளைகளை ஏன் உங்களிடம் கொண்டுவந்து விடவில்லை என்றால்

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை நீங்கள் போன் போட்டு, "ரெண்டு பேரையும் இங்க கொண்டாந்து விட்டுட்டு நீ போய் வேலையைப் பாருடா" என்று சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றேன். அதில் உங்களுக்கு மனசு கஷ்டம் என்று அத்தான் சொன்னார். காரணத்தை அப்போதே விளக்க முடியவில்லை. சின்னவன் போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நம் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் இதைப் படிக்க வேண்டும்.

பாப்பாவுக்கு வந்திருப்பது கை, கால், வாய் நோய். பாலர் பள்ளியில் அவள் வகுப்பில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் இருக்கிறதாம். வகுப்பை மூடிச் சுத்தம் செய்கிறார்கள். கொப்புளம் காய்கிற வரைக்கும் வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, அதற்குப் பத்து நாள்கூட ஆகலாம் என்றார் டாக்டர். கைக்கு மருந்துத் தண்ணீர் தேய்த்தால் போதாது, இந்தக் கிருமிக்குச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் வீட்டிலோ கைக்குழந்தை, உங்கள் பேத்தி. அவளுக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? நான் வேண்டாம் என்றதற்கு அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை.

என் பெண்டாட்டி அலுவலகப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் போயிருக்கிறாள். பிள்ளைகளைப் பார்க்க என் ஆண்டு விடுப்பில் இருந்து நாள் எடுத்துக்கொண்டேன். பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு 7 நாள் விடுப்பு என்று 2023 முதல் சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதற்கென்று தனி விடுப்பு கிடையாது.

பசியாறும்போதே ஆரம்பித்துவிட்டது. பாப்பா மைலோ கேட்டாள். ஒரு வாய் வைத்ததும் எரிச்சல் தாங்காமல் துப்பிவிட்டு அழுதாள். நாக்கு ஓரத்தில், உள் உதட்டில் எல்லாம் புண். ஐஸ்பெட்டியில் இருந்து தயிரை எடுத்து ஊட்டினேன். வாயைத் திறப்பாள், கரண்டி கிட்டே போனதும் மூடிக்கொள்வாள், கண்ணில் தண்ணீர் நிற்கும், பிறகு அவளே தைரியம் வந்து திறப்பாள். அந்த ஒரு கரண்டித் தயிர் உள்ளே போக அவ்வளவு நேரம். அதற்குள் சின்னவன் என் முதுகில் ஏறி, அவள் எச்சில் பட்ட கரண்டியைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

இரண்டு பேரையும் பிரித்து வையுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். பிளாட்டில் ஒற்றை ஆளாக இருந்துகொண்டு எப்படிப் பிரிப்பது? அவளை அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் அப்பா அப்பா என்று கதவைத் தட்டுகிறாள். இவனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனால் பிரித்து வைத்ததற்கே அர்த்தம் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் பார்க்கத் திரும்பிய நேரத்தில் இவன் தோசை மாவுப் பாத்திரத்தை இழுத்துக் கவிழ்த்தான். மாவைத் துடைக்கத் துணி எடுப்பதற்குள் அவள் ஓடிவந்து அதில் வழுக்கி விழுந்தாள். நல்ல வேளை, அடி படவில்லை. இரண்டு பேரையும் குளிப்பாட்ட வேண்டியதாயிற்று. குளியலறையில் ஒருத்தியைத் துவட்டும்போது இன்னொருவனை எங்கே நிறுத்துவது? அவன் நிற்கிற பிள்ளையா? வெளியே கம்பில் காயப்போட்ட துணி மழையில் நனைந்துகொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் அவன் தூங்கினால் அவள் அழுது எழுப்பினாள், அவள் கண் அசந்தால் இவன் எழுந்துகொண்டான். நீங்கள் போன் போட்டது அப்போதுதான்.

அக்கா, அவளுக்கு நாலு வயது, இவனுக்கு ஒன்றரை. 1984-ல் பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் உங்கள் கையில் இருந்த அண்ணனுக்கும் எனக்கும் இதே வயதுதான். உங்களுக்குப் பதினொன்று.

அம்மா பாயான் லெப்பாஸ் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலையில் இருந்தார். 1972-ல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் வந்த பிறகு பினாங்கில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் வேலைக்குப் போனார்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் பொருத்துகிற வேலை. மூன்று ஷிப்ட். அம்மாவுக்கு மத்தியான ஷிப்ட் வருகிற வாரங்களில் நீங்கள் பள்ளி விட்டு வந்து சேர, அம்மா கிலாங் பஸ்ஸுக்குக் கிளம்புவார். அப்பா லாரியோடு வெளியூரில். ராத்திரி அம்மா திரும்புகிற வரைக்கும் நீங்கள்தான். அடுத்த வருஷம் 1985-ல் பொருளாதாரம் விழுந்து கிலாங்குகளில் ஆள் குறைத்தார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டால் தன் பெயரும் பட்டியலில் ஏறிவிடுமோ என்ற பயத்தில் அம்மா லீவே கேட்கவில்லை. அதை அம்மா கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அம்மா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேறு வழி எங்கே இருந்தது? குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு என்று ஒரு சட்டம் இந்த நாட்டில் வந்ததே அந்த 1984-ல்தான்.

அம்மா சொன்ன ஒன்றை நான் மறப்பதே இல்லை. ஒரு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், நான் சாரோங் தொட்டிலில் தூங்குகிறேன். தொட்டில் கயிறு உங்கள் கால் கட்டை விரலில் கட்டியிருக்கிறது. பக்கத்தில் கணக்கு நோட்டு பாதி எழுதியபடி. நீங்கள் தரையில் சுருண்டு தூங்கினாலும் கால் மட்டும் லேசாக ஆடிக்கொண்டே இருந்ததாம்.

இதை எல்லாரும் பெருமையாகத்தான் சொல்வார்கள். பொறுப்பான பிள்ளை, கெட்டிக்காரி, தம்பிகளை அம்மா மாதிரி வளர்த்தாள். உண்மைதான். அதே வாயால், மூன்றாம் படிவத்து எஸ்.ஆர்.பி. பரீட்சை பாஸ் செய்த பிறகும் உங்களைப் பள்ளியில் இருந்து நிறுத்திவிட்டதை மட்டும் யாரும் சொல்வதில்லை. வளர்ந்த ஆள் நான். செவ்வாய்க்கிழமை என் கையில் போன் இருந்தது, ஐஸ்பெட்டி இருந்தது, பம்பஸ் இருந்தது, டாக்டரைக் கூப்பிட நம்பர் இருந்தது. நீங்கள் துணிப் பம்பஸ் துவைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி நின்று சோறு வடித்தீர்கள். அது விளையாட்டு இல்லை அக்கா, வேலை. பெரிய ஆள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே செய்து முடித்துவிட்டீர்கள்.

அதனால்தான் வேண்டாம் என்றேன். பாகான் டாலாமில் உங்கள் வீட்டு ஜன்னல் ஓரம் தையல் மெஷின் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்த ரவிக்கை ஆர்டரை எல்லாம் நீங்கள் திருப்பி அனுப்பியது எதனால் என்று எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறை, ஒருத்தருக்கு அவசரம், இன்னொருத்தருக்கு ஓவர்டைம், எல்லாருக்கும் வாயில் வருவது ஒன்றே ஒன்று: "அக்கா இருக்காங்கல்ல." அண்ணா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பிள்ளைகளை விடுவதற்கு முந்தின நாளே அக்காவைக் கேளுங்கள். முடியாது என்றால் முகத்தைத் தூக்காதீர்கள். விட்டால் காசு கொடுங்கள். வெளியே ஆள் வைத்தால் கொடுக்க மாட்டோமா? அக்கா வாங்க மாட்டார் என்பது கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் இல்லை.

அக்கா, இன்னொரு விஷயம். இல்லத்தரசிகளுக்காக சொக்சோவில், அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், ஒரு பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் இருந்து இருக்கிறது. வருஷத்துக்கு 120 ரிங்கிட். வீட்டு வேலை செய்யும்போது விழுந்து அடிபட்டாலோ, நிரந்தரமாக உடம்பு முடியாமல் போனாலோ உதவி கிடைக்கும். 55 வயதுக்குள் சேர வேண்டும், உங்களுக்கு 52. இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

பாப்பாவுக்குக் கொப்புளம் நன்றாகக் காய்ந்ததும் எல்லாருமாக வருகிறோம். அடையாள அட்டையை எடுத்து வையுங்கள், பணத்தை நான் கட்டிவிடுகிறேன். சமைக்காதீர்கள், வரும் வழியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன். என் பெண்டாட்டி தன் ரவிக்கைத் துணி இரண்டையும் கொண்டுவருவாள். கூலி எவ்வளவு என்று இப்போதே அத்தானிடம் சொல்லி வையுங்கள், உங்களிடம் கேட்டால் சொல்ல மாட்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி