இன்னும் மூன்று வாரம், இன்னும் 20,700 டாலர்: கார்னிவல் வேஷங்களுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்பு உறவுகளே, வணக்கம்.

டிரினிடாட்டின் வீதித் திருவிழாவான கார்னிவலின் திங்கட்கிழமைக்கு மூன்றே வாரம்தான் இருக்கிறது. தேவை 62,000 டிரினிடாட் டாலர். கையில் 41,300. துண்டு விழுவது 20,700.

போர்ட் ஆஃப் ஸ்பெயினின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் மெட்ராஸ் வீதி என்ற பலகையைப் பார்த்துப் பூரித்து, பக்கத்திலேயே வீடு பிடித்த குடும்பங்கள் நாம். தெருப் பெரியவர்களோடு சேர்ந்து பழைய வேஷங்கள் கட்டுவது இது நான்காவது வருஷம்.

இறகும் பாசிமணியும் மின்னும் உடைகளைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். பழைய வேஷங்கள் அப்படியல்ல. 1838இல் இங்கே ஆப்பிரிக்க அடிமைகளின் தளை முழுதாக அறுந்த பிறகு, அந்த மக்கள் வீதியைத் தமதாக்கிக்கொண்ட வழி அது. 1881இல் கான்போலே தீவட்டி ஊர்வலத்தை அடக்கப் போலீஸ் வந்தபோது கம்பெடுத்து நின்றார்கள். எங்கள் குழுத் தாத்தா இதைச் சொல்லும்போது, தானே அடித்த மாதிரி தோளை உயர்த்துவார். பண்ணைச் சீமாட்டிகளைக் கேலி செய்ய முன்னும் பின்னும் தலையணை திணித்து வருவாள் டேம் லொரெய்ன். கந்தல் கட்டிய பியரோ கிரனேட், நீளமான சொற்களை எழுத்துக்கூட்டியே கதை விடுவான். இடுப்பில் மாட்டி ஆடும் பரோக்கீட் கழுதை நம் பொய்க்கால் குதிரைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கட்டைக்காலில் வரும் மோக்கோ ஜம்பி, ஆப்பிரிக்காவிலிருந்து கடலை நடந்தே கடந்த காவல் தெய்வம் என்பார்கள். நமக்கு அய்யனார் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு விபூதி பூசித்தான் கட்டை கட்டுகிறோம்.

சரி, கணக்கு. ஆறு ஜோடி கட்டைக்கால், அதற்கான நீளக் காற்சட்டைகள் 21,000. எட்டு டேம் லொரெய்ன் 12,000. வழிமறித்து வீரவசனம் பேசும் நள்ளிரவுக் கொள்ளையர் வேஷம் இரண்டு 11,000. வாத்தியக்காரர்கள் 9,000. பரோக்கீட் 6,500. வண்டி, தண்ணீர், சாப்பாடு 2,500.

கொள்ளையனுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கிறார்கள். போன வருஷம் அட்டையில் செய்த தொப்பி மழையில் ஊறி, குஞ்சம் வைத்த விளிம்பு மூக்கு வரை தொங்கிவிட்டது. பையன் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வழிமறித்து வீரவசனம் பேசினான். கூட்டம் சிரித்தது. கொள்ளையனைப் பார்த்துச் சிரிக்கலாமா? இந்த முறை கம்பிச் சட்டம்.

போன வருஷம் கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். இரண்டு இரவு கண்விழித்து மேலங்கி தைத்த செவிலியர் அக்கா, வாடகை வாங்காமல் வேன் ஓட்டிய அண்ணன், கட்டைக்கு மரம் கொடுத்த கடைக்காரர், பேரனின் உண்டியலையே உடைத்துத் தந்த பாட்டி, அறுபது பேருக்குத் தயிர்சாதம் கட்டிய மூன்று வீடுகள். அம்பாள் அவர்கள் குடும்பத்தைக் குறையில்லாமல் வைப்பாள்.

தருகிறேன் என்று சொல்லி இன்னும் தராதவர்களும் உண்டு. பெயர் எழுதப்போவதில்லை. ஆனால் பிள்ளை கட்டைக்காலில் நிற்கும் படத்தை மட்டும் ஊருக்கெல்லாம் அனுப்பியது ஞாபகம் இருக்கிறது.

இந்த வேஷங்களில் பேபி டால் என்று ஒருத்தி உண்டு. பொம்மைக் குழந்தையோடு வந்து, போகிற ஆணை நிறுத்தி, "இது உன் பிள்ளை, பால் வாங்கப் பணம் கொடு" என்று நடுவீதியில் மானத்தை வாங்குவாள். அவளை யார் வீட்டுக்கும் அனுப்பும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

வரும் ஞாயிறு மாலை வசூலுக்கு வருகிறோம். உண்டியல் சவப்பெட்டி வடிவத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். கொள்ளையன் கையில் வைத்திருப்பது அதுதான். ரசீது உண்டு.

இப்படிக்கு,
வேஷக் குழுவினர்