மங்கிக் கிடக்கும் ஆர் ஹைட்ரே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் அறுவை சிகிச்சை முடிந்து, எழுதலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். கண்புரையை எடுத்த பின் வெள்ளையெல்லாம் லேசாக நீலம் கலந்து தெரிகிறது. இத்தனை வருஷம் மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. உனக்கு மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு நிம்மதி. மாடிக்குப் போனால்தானே நமக்கு வானம்!

ஒளி கூடியும் குறைந்தும் மாறும் நம் ஆர் ஹைட்ரே விண்மீன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, இடத்தைத் தவறவிட்டேனா என்று கேட்டிருந்தாய். இடம் சரிதான். சித்திரை நட்சத்திரத்துக்குத் தெற்கே காமா ஹைட்ரே என்ற விண்மீன், அதிலிருந்து கிழக்கே இரண்டரை பாகை. நீ பார்த்தது அது மங்கிக் கிடக்கும் காலம், அவ்வளவுதான். உச்சத்தில் அதன் பொலிவெண் (எண் குறையக் குறைய ஒளி அதிகம்) 3.5 வரை போகும், வெறுங்கண்ணே போதும். அடிமட்டத்தில் 10.9 வரைகூடப் போகும், அப்போது நம் பைனாகுலருக்கு அது அகப்படாது. இரண்டுக்கும் நடுவே சுமார் 900 மடங்கு வித்தியாசம்.

ஆனால் அதன் மொத்த ஆற்றல் 900 மடங்கு குறைந்துவிடுவதில்லை. இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று. அது ஒரு சிவப்புப் பெருமீன். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமி அதன் வயிற்றுக்குள் போய்விடும். மேற்பரப்பு வெப்பம் 2,800 கெல்வின் அளவுதான், சூரியனுடையதில் பாதி. அதன் வெளிப்படலத்தில் ஹைட்ரஜன் அரைகுறையாக அயனியாகும், அதாவது அணுக்களில் ஒரு பகுதி எலெக்ட்ரானை இழக்கும், ஓர் அடுக்கு இருக்கிறது. உள்ளிருந்து வரும் வெப்பத்தை அது தேக்கிவைத்து விடும்போது உடம்பு முழுவதும் வீங்கித் தணிகிறது. அப்படி வெளிப்புறம் குளிரும் கட்டத்தில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் ஏராளமாக உருவாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பாக வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத்தான் அது இருட்டு. மறுபடி சூடேறினால் அந்த மூலக்கூறுகள் உடைந்து, திரை விலகினாற்போல விண்மீன் வெளியே வருகிறது.

மீரா என்ற விண்மீனும் இதே ரகம்தான். ஆனாலும் எனக்கு ஆர் ஹைட்ரே மேல் தனிப் பிரியம். காரணம் அதன் துடிப்பு. வானியலாளர் ஹெவேலியஸ் 1662லேயே இதைக் குறித்துவைத்திருக்கிறார். இது மாறொளி விண்மீன் என்று 1704 வாக்கில் உறுதிசெய்தவர் மரால்டி என்ற வானியலாளர். அந்தக் காலத்தில் ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்குச் சுமார் 495 நாள் ஆகியிருக்கிறது. 1950 வாக்கில் அதுவே 385 நாள். அதன் பிறகு பெரிய மாற்றமில்லை. ஒரு விண்மீன் தன் போக்கை மாற்றிக்கொள்ள லட்சக்கணக்கான வருஷம் ஆகும் என்றுதானே படித்தோம்! இது 250 வருஷத்தில் 110 நாளைக் குறைத்துக்கொண்டது.

உள்ளே கரியும் ஆக்சிஜனும் நிறைந்த மையத்தைச் சுற்றியுள்ள ஹீலியம் அடுக்கு திடீரென்று பற்றிக்கொண்டதன் பின்விளைவு இது என்பது ஒரு விளக்கம். வெளிப்படலமே தன் நிலை தடுமாறி வேறொரு துடிப்புக்கு வந்து அமைந்துவிட்டது என்பது இன்னொன்று. 1950க்குப் பிறகு அது அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

இந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ள முடிந்ததே, யாரோ ஒவ்வொரு தலைமுறையிலும் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் பொலிவை ஒரு எண்ணாக எழுதிவைத்ததால்தான். நோட்டில் நம் எண்களையும் சேர்க்கும்போது எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம், அது மறுபடி பைனாகுலருக்குள் வந்ததும் ஒன்றைக் கவனத்தில் வை. சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது இருப்பதைவிடப் பிரகாசமாகத் தோன்ற ஆரம்பிக்கும். ஒரு பார்வை, உடனே ஒப்பிடும் விண்மீனுக்குப் போய்விடு. திரும்பவும் ஒரு பார்வை. நானும் புதுக் கண்ணோடு பழையபடி கணிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் மாறித் தெரிவதால் என் பழைய எண்களோடு புது எண்கள் ஒத்துப்போகுமா என்று கவலையாக இருக்கிறது.

அதற்கு உன் உதவி வேண்டும். நீ கணித்த எண்ணை உடனே எனக்குச் சொல்லிவிடாதே. சொன்னால் என் கண்ணும் அதையே பார்க்கத் தொடங்கிவிடும். இரண்டு மாதம் இருவரும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வோம். அப்புறம் ஒரே நாளில் கடிதம் போடுவோம்.

முழங்காலைப் பார்த்துக்கொள். இருட்டில் படி இறங்கும்போது கைப்பிடியை விடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்