வாசலோடு அனுப்பிவிடாதே, அக்கா

ஹாமில்டன், நியூசிலாந்து
ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா, அப்பா, மாமா, பிள்ளைகள் சௌக்கியம்தானே? இங்கே இப்போது குளிர்காலம். காலையில் எழுந்து பார்த்தால் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். வைக்காட்டோ ஆற்றை ஒட்டிய ஊர் என்பதால் அப்படி என்கிறார்கள்.

போனில் நீ கேட்டாயே, "ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினவளுக்கு, ரைம்ஸ் சொல்லிக் கொடுக்க இன்னொரு படிப்பா?" என்று. மாமா பின்னாலிருந்து சிரித்ததும் கேட்டது. அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. நீயும் எல்.கே.ஜி. பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் நிதானமாகவே எழுதுகிறேன்.

இங்கே மழலையர் ஆசிரியை ஆக, கையில் ஏற்கெனவே டிகிரி இருப்பதால் எனக்கு ஒரு வருட டிப்ளமா போதும். பிளஸ் டூ முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு மூன்று வருடம். அதன் பிறகும் உடனே முழு ஆசிரியை ஆகிவிட முடியாது. குறைந்தது இரண்டு வருடம் ஒரு மூத்த ஆசிரியை கூடவே இருந்து வழிகாட்ட வேண்டும், அப்புறம்தான் முழுச் சான்றிதழ். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தாவது பிறந்தநாளை ஒட்டிப் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள், சட்டப்படி கட்டாயம் என்னவோ ஆறு வயதில்தான். அதற்கு முந்தைய பருவம்தான் எங்கள் பொறுப்பு. கைக்குழந்தையும் அதில் சேர்த்தி.

நானும் உன்னை மாதிரிதான் நினைத்துக்கொண்டு போனேன். பாட்டு, கதை, களிமண், வண்ணம், இவ்வளவுதானே என்று. அதெல்லாம் உண்டு. ஆனால் படிப்பில் பாதி குழந்தையைப் பற்றியது என்றால், மீதிப் பாதி அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து விடுகிற ஆளைப் பற்றியது. அம்மா, அப்பா, பாட்டி, சித்தி, யாராக இருந்தாலும் சரி. அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டால் உன் வேலையில் பாதியை அனுப்பிவிட்டாய் என்கிறார் எங்கள் விரிவுரையாளர்.

இந்த நாட்டின் மழலையர் பாடத்திட்டத்துக்குத் தே ஃபாரிக்கி என்று பெயர். 1996-ல் வந்தது, 2017-ல் திருத்தினார்கள். மார்கரெட் கார், ஹெலன் மே என்ற இருவரும், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரி இனத்து அறிஞர்கள் டில்லி ரீடி, தமாதி ரீடி இருவரும் சேர்ந்து எழுதியது. எந்த மாதத்தில் எந்த எழுத்து, எத்தனை எண் என்று அதில் தேடினால் கிடைக்காது. நான் தேடினேன், கணக்கு டீச்சர் புத்தி. நான்கு அடிப்படைகளை வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று குடும்பமும் சமூகமும். பின்னிணைப்பில் ஒப்புக்குச் சேர்த்த விஷயம் இல்லை, அஸ்திவாரத்திலேயே இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. இங்கே பெற்றோர்களே கூடி நடத்துகிற பிளேசென்டர்கள் 1941-லிருந்து இருக்கின்றன. அங்கே சேருகிற அம்மா அப்பாக்கள் தாங்களே பயிற்சி எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மாவோரிக் குடும்பங்கள் தங்கள் மொழி அழிந்துவிடக் கூடாது என்று 1982-ல் தொடங்கிய கோஹங்கா ரேயோ என்ற மழலையர் மையங்களிலும் பாட்டி தாத்தாக்கள்தான் உயிர்நாடி. ஆக, குடும்பத்தை உள்ளே விடலாமா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை, அவர்கள் முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தார்கள்.

பிராக்டிகம், அதாவது நேரடிப் பயிற்சி, என்று சொல்லி எங்களை வாரக்கணக்கில் ஒரு மழலையர் மையத்துக்கு அனுப்புவார்கள். முதல் மையத்தில் இரண்டு வயதுப் பையன் ஒருவன். அவனுடைய அப்பா தினமும் கூடவே உட்கார்ந்து கட்டைகளை அடுக்குவார், அவன் விளையாட்டில் மூழ்கியதும் பூனை மாதிரி நழுவிவிடுவார். அழுகையைப் பார்க்க மனசு வராது அவருக்கு. ஐந்து நிமிடம் கழித்து அவன் தலையைத் தூக்கிப் பார்ப்பான் பார், அதற்கப்புறம் அந்தக் காலை முழுக்கக் கட்டையைத் தொட மாட்டான். கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா எந்த நேரமும் காணாமல் போகலாம் என்று தெரிந்துவிட்ட பிள்ளை எப்படி விளையாடும்?

நானாக இருந்தால் அந்த அப்பாவை நிறுத்தி, "இப்படிச் செய்யாதீங்க சார்" என்றிருப்பேன். என்னோடு இருந்த மூத்த ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. ஒருநாள் மாலை அவரை உட்கார வைத்து, "வீட்டில் இவன் பயந்தால் எப்படிச் சமாதானம் செய்வீர்கள்?" என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முதுகைத் தட்டக் கூடாது, காது மடலைத் தடவ வேண்டும். தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போக வேண்டும். அந்தத் தகவல் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அக்கா. அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான், "நாளையிலிருந்து போகும்போது சொல்லிவிட்டே போங்கள், தூங்கி எழுந்ததும் வருவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள்" என்றார். மறுநாள் பையன் முன்னைவிட அதிகமாகவே அழுதான். ஆனால் ஒரே ஆசிரியையின் இடுப்பில், ஜன்னல் பக்கத்தில், காது மடலை அவர் தடவத் தடவ அழுதான். கொஞ்ச நாளில் அழுகை குறைந்தது. கதவைப் பார்ப்பதும் நின்றது.

இதை ஒட்டி மேரி ஐன்ஸ்வொர்த் பற்றி ஒரு பாடம் நடந்தது. ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை அம்மாவிடமிருந்து சில நிமிடம் பிரித்துப் பார்த்து ஆராய்ச்சி செய்தவர். பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைத்தான் அளந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் முக்கியமாகக் கவனித்தது அம்மா திரும்பி வந்த நேரத்தை. ஓடிவந்து ஒட்டிக்கொண்டு தேறுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, ஒட்டிக்கொண்டே உதைக்கிறதா என்று. அதிலிருந்து நான் மாலை நேரத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் எல்லா டீச்சரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்போம், மாலையில் பையைக் கொடுத்து அனுப்புவதிலேயே குறியாக இருப்போம், இல்லையா? அதிகம் தெரிந்துகொள்ள முடிவது மாலையில்தான்.

எழுதுவது இன்னொரு பெரிய வேலை. பார்த்ததை எழுது, தீர்ப்பு எழுதாதே என்பது விதி. "அடம் பிடித்தான்" என்று எழுதிக் கொடுத்தேன், சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். என்ன நடந்தது? லாரி பொம்மையை இன்னொருவன் எடுத்தான், இவன் கீழே படுத்துக்கொண்டான், கூப்பிட்டும் எழவில்லை. அதை மட்டும் எழுது என்றார்கள். அப்படி எழுதிப் படித்தால் பிள்ளைமேல் கோபமே வருவதில்லை, அதுதான் ஆச்சரியம்.

மதிப்பெண் அட்டை கிடையாது. அதற்குப் பதிலாக 'கற்றல் கதை' என்று ஒன்று எழுதுகிறோம். நான் சொன்ன மார்கரெட் கார் உருவாக்கிய முறைதான். குழந்தை செய்த ஒரு காரியத்தைப் படத்தோடு, அந்தக் குழந்தையிடமே பேசுகிற மாதிரி எழுத வேண்டும். நான் எழுதியது ஒரு நான்கு வயதுப் பையனைப் பற்றி. மணல் தொட்டிக்கு ஓட்டை வாளியில் தண்ணீர் சுமந்தான். பாதி வழியில் காலியாகிவிடும். திரும்பப் போவான். கடைசியில் ஓட்டைக்குக் கீழே கையை அண்டை கொடுத்துக்கொண்டு ஓடினான். "நீ விடாமல் யோசித்தாய்" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். வீட்டார் பதில் எழுத அதில் இடம் விட்டிருப்போம். அவனுடைய பாட்டி சமோவா தீவைச் சேர்ந்தவர், ஆங்கிலம் அதிகம் வராது. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியிருந்தாள்: வீட்டுத் தோட்டத்துக்கு இவன்தான் தண்ணீர் சுமக்கிறான், தாத்தா குழாய் வைத்துக் கால்வாய் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று.

நான் அவனுடைய பிடிவாதத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அவனோ தாத்தாவின் வேலையைச் செய்துகொண்டிருந்தான். அடுத்த வாரம் தாத்தாவையே கூப்பிட்டோம். மணல் தொட்டியில் அவர் மூங்கில் துண்டுகளைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் ஓட விட்டார். பேச்சே தேவைப்படவில்லை. எட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அசையாமல் பார்த்தார்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் லூயிஸ் மோல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1990-களில் எழுதியது இதைத்தான். மெக்சிகோ வம்சாவழித் தொழிலாளர் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள், அறிவுரை சொல்ல இல்லை, கற்றுக்கொள்ள. விவசாயம், கட்டட வேலை, மூலிகை, வியாபாரம் என்று அந்த வீடுகளில் இருந்த அறிவைப் பார்த்துவிட்டு வந்து அதை வைத்தே வகுப்பு நடத்தினார்கள். வீட்டில் ஒன்றும் இல்லை என்று நாம் எத்தனை பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்!

நடிப்பு வகுப்பும் உண்டு, கேள். ஒருவர் டீச்சர், ஒருவர் கவலைப்படுகிற பெற்றோர். எனக்கு அம்மா வேஷம். "ஏன் இன்னும் ஏபிசி எழுத வைக்கவில்லை? நாள் முழுக்க மண்ணில்தான் உருளுகிறான், இதற்கா அனுப்புகிறேன்?" என்று ஆரம்பித்தேன். டீச்சராக நடித்த பெண் மிரண்டே போய்விட்டாள். ஒத்திகையே பார்க்காமல் எப்படி வந்தது என்று கேட்டார்கள். எத்தனை அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்!

அந்த மாதிரி நேரத்தில் "விளையாட்டுதான் படிப்பு" என்று பிரசங்கம் செய்யாதே, முதலில் அவர்களுடைய பயம் என்ன என்று கேள் என்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் வெளியே வருவது வேறு: பள்ளிக்குப் போனதும் என் பிள்ளை பின்தங்கிவிடுமோ, மொழி தெரியாமல் தனியாக நிற்குமோ. அதற்குப் பிறகு கட்டை விளையாட்டில் இருக்கிற கணக்கைக் காட்டினால் எடுபடும். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. இங்கே சிலர் விளையாட்டை ஒரு மதம் மாதிரி பேசுகிறார்கள். எழுத்து கேட்கிற பெற்றோரை விவரம் தெரியாதவர் என்று உள்ளுக்குள் நினைக்கிறார்கள். குடும்பத்தை மதிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, நமக்குப் பிடித்ததைச் சொல்கிற குடும்பத்தை மட்டும் மதித்தால் எப்படி?

மொழி விஷயம் அடிக்கடி வரும். "வீட்டிலும் ஆங்கிலமே பேசட்டுமா?" என்று கேட்காத குடியேறிய அம்மா இல்லை. வேண்டாம், உங்கள் மொழியிலேயே கதை சொல்லுங்கள், பேசுங்கள், வீட்டு மொழி வலுவாக இருப்பது இரண்டாவது மொழிக்கும் உதவும் என்று சொல்லப் பழக்குகிறார்கள். அதோடு, ஒவ்வொரு பிள்ளையின் மொழியிலும் வலி, தண்ணீர், தூக்கம், அம்மா வருவாள் என்பதற்கான சொற்களை நாங்கள் கற்று வைத்துக்கொள்கிறோம். என் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, சிரிக்கிற பிள்ளை அழாது.

எனக்கு இன்னும் கைவராதது ஒன்று. பிள்ளைக்குப் பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தோன்றினால் அதைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? வாசலில், மற்றவர்கள் காதில் விழ, அவசரமாகச் சொல்லவே கூடாது. நேரம் ஒதுக்கி உட்கார வேண்டும். பிள்ளையிடம் நமக்குப் பிடித்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும். பிறகு பார்த்ததை மட்டும் சொல்லி, "வீட்டில் எப்படி?" என்று கேட்க வேண்டும். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை. காது பரிசோதனைக்கோ பேச்சுப் பயிற்சி நிபுணரிடமோ போக வழிகாட்டுவது நம் வேலை. பல அம்மாக்களுக்கு உள்ளூர ஏற்கெனவே சந்தேகம் இருக்கும், யாராவது அவசரப்படுத்தாமல் கேட்டால் போதும், அவர்களே சொல்லிவிடுவார்கள் என்கிறார் மூத்த ஆசிரியை. எழுத எளிதாக இருக்கிறது. நேரில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "ஐந்து பிள்ளைக்கு ஒரு ஆள் வைத்துக்கொண்டு பேசுகிறாய்." வாஸ்தவம். முழு நாள் மையத்தில் இரண்டு வயதுக்குக் கீழே ஐந்துக்கு ஒருவர், அதற்கு மேல் அதிகபட்சம் பத்துக்கு ஒருவர் என்பது இங்கே விதி. உனக்கு நாற்பது. அந்தப் பத்தே இங்கே அதிகம் என்று டீச்சர்கள் புலம்புகிறார்கள், கற்றல் கதைகளை ராத்திரி வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். நாற்பது பேருக்குக் கதை எழுதச் சொல்ல நான் யார்? ஆனால் சேர்க்கும்போதே ஒரு கேள்வி கேட்கலாம்: "இவன் அழுதால் வீட்டில் என்ன செய்வீர்கள்?" பதிலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள். ஜூனில் நாற்பது பேரும் ஒன்றாக அழும்போது அந்தப் பக்கம் உதவும்.

அடுத்த பிராக்டிகம் கைக்குழந்தைகள் அறையில். ஹங்கேரிய மருத்துவர் எம்மி பிக்லர் வகுத்த வழியில் நடக்கிற இடம் அது. 1946-ல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் தொடங்கியவர் அவர். தூக்குவதற்கு முன்னால் "தூக்கப் போகிறேன்" என்று குழந்தையிடம் சொல்லி, கையை நீட்டிக் காத்திருக்க வேண்டுமாம். நாப்கின் மாற்றுகிற நேரம் அவசர வேலை இல்லை, பேச்சு நேரமாம். நம் அம்மா காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது பேசிக்கொண்டே இருப்பாளே, அதைச் சொன்னேன். விரிவுரையாளர் அது பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அதனால் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, என்னென்ன சொல்லுவாள், எந்த நேரத்தில் எதைச் சொல்லுவாள் என்று வாய்ஸ் மெசேஜில் அனுப்பு. இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும். "எதற்குடி இதெல்லாம்?" என்பாள், படிப்புக்கு என்று சொல், சந்தோஷப்படுவாள்.

மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் தங்கை