செயலாளர் ஆண்டறிக்கை: குவேக்கர் கண்டனமும் மறுப்பும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, நம் வாசகர் வட்டம் இவ்வாண்டு 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றி, தம்மை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொண்ட கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் எழுத்துகளையும் அவற்றுக்கு எதிராக வந்த கண்டன நூல்களையும் எடுத்துக்கொண்டது. மறுப்பு நூலைத் தனியாக வாசிக்கக் கூடாது என்பதே முதல் விதி. அக்காலத்து மறுப்பு எதிராளியின் நூலைப் பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொண்டு போகும். மூலம் கையில் இல்லாவிட்டால், சுவருக்கு அப்பால் நடக்கும் சண்டையில் ஒருவர் குரல் மட்டும் கேட்பது போல இருக்கும். ஆகவே கண்டனம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று வந்த வரிசையிலேயே வாசித்தோம்.

தொடக்கத்துக்கு ஏற்றது, குவேக்கரை எதிர்த்த பிரசங்கி ஜான் பன்யனுக்கும் குவேக்கரான எட்வர்டு பரோவுக்கும் நடந்த சண்டை. நான்கே நூல்கள், இரண்டே ஆண்டுகள்: 1656இல் பன்யனின் முதல் நூல், அதே ஆண்டு பரோவின் பதில், 1657இல் இருவரும் மறுபடி ஒருமுறை. குவேக்கர் தமக்குள் இருக்கும் ஒளியைப் பேசிப் பேசி, எருசலேமுக்கு வெளியே சிலுவையில் மாண்ட கிறிஸ்துவைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது பன்யனின் குற்றச்சாட்டு. அந்த ஒளியே கிறிஸ்து, இருவர் இல்லை என்பது பரோவின் பதில். இதோடு நின்றிருந்தால் நல்ல விவாதம். கூலிக்குப் பிரசங்கம் செய்வோர் வரிசையில் பரோ பன்யனையும் சேர்த்துவிட, இது உனக்கு நேரில் தெரியுமா என்று பன்யன் திருப்பிக் கேட்கிறார். இந்த இடத்தில் பன்யன் பக்கமே நியாயம் என்பது செயலாளரின் கருத்து.

அதிக நேரம் எடுத்தது, குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1659இல் வெளியிட்ட ‘பெரும் மறைபொருள்’. நூற்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு நூல்களுக்கு ஒரே நூலில் பதில். அமைப்பு எளிது: எதிராளியின் வாசகம் ஒன்று, அதன் கீழே விடை. சிக்கலும் அங்கேதான். வாசகத்தை ஃபாக்ஸ் பெரும்பாலும் சுருக்கித் தருகிறார். முன்பின் வரிகள் இல்லாமல் போகின்றன. மூலத்தோடு ஒப்பிடாமல், இன்னார் இப்படிச் சொன்னார் என்று இந்நூலிலிருந்து எடுத்தெழுதக் கூடாது. எதிர்த்தரப்பும் இதே வேலையைச் செய்ததால் இந்த எச்சரிக்கை இரு பக்கத்துக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் ரோட் தீவுக் குடியேற்றத்தை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸைச் சீண்டியதும் இந்த நூல்தான். 1672இல் 14 வாதப் பொருள்களை முன்வைத்து ஃபாக்ஸை விவாதத்துக்கு அழைத்தார். ஏறத்தாழ 70 வயதில் நாள் முழுவதும் துடுப்புப் போட்டு நியூபோர்ட் போய்ச் சேர்ந்தார். ஃபாக்ஸ் அதற்குள் ஊரை விட்டுப் போய்விட்டிருந்தார். ஜான் ஸ்டப்ஸ், ஜான் பர்னியட், வில்லியம் எட்மண்ட்சன் என்ற குவேக்கர் மூவரும் அவர் இடத்தில் எதிர்நின்றார்கள். ஏழு பொருள்கள் நியூபோர்ட்டில், மீதி ஏழு பிராவிடன்சில். வில்லியம்ஸின் நூல் 1676இல் பாஸ்டனில் அச்சானது. ஃபாக்ஸை வளையிலிருந்து தோண்டி எடுத்ததாகத் தலைப்பு: ஃபாக்ஸ் என்றால் நரி, பரோ என்றால் வளை. தமிழில் இந்தச் சிலேடை நிற்காது, அடிக்குறிப்புதான் வழி. ஃபாக்ஸும் பர்னியட்டும் 1678இல் பதில் அச்சிட்டார்கள்.

குவேக்கரான சாமுவேல் ஃபிஷரின் 1660ஆம் ஆண்டு நூல் பருமனைப் பார்த்தே பலர் ஒதுங்கினார்கள், இழப்பு அவர்களுக்கே. வேதத்தின் எழுத்தும் புள்ளியும் பிசகாமல் காக்கப்பட்டவை என்று வாதிட்டவர் ஜான் ஓவன். அந்தப் புள்ளிகள், அதாவது எபிரேய உயிர்க்குறிகள், பிற்காலத்தில் சேர்ந்தவை, படியெடுத்தோர் கையில் பிழைகள் புகுந்தன என்று ஃபிஷர் அடுக்குகிறார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த படிப்பை அவ்வூர் அறிஞர்கள் மீதே திருப்புகிறார். குவேக்கர் கோட்பாட்டை விளக்கும் ராபர்ட் பார்க்லேயின் நூல் (லத்தீனில் 1676, ஆங்கிலத்தில் 1678) 15 கருத்துரைகளாக ஒழுங்குபட்டது; துணையின்றியே வாசிக்கலாம்.

இவ்வாண்டு நாம் அதிகம் தடுக்கியது தேதிகளில். அன்று இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. குவேக்கர்கள் புறச்சமயத் தெய்வங்களின் பெயர்களை விட்டு எண்களால் மாதத்தைச் சொன்னார்கள். மார்ச்தான் 1ஆம் மாதம். எனவே 1662, 12ஆம் மாதம் என்றால் நம் கணக்கில் 1663 பிப்ரவரி. பரோ நியூகேட் சிறையில் இறந்தது அப்போதுதான். இதைக் கவனிக்காமல் போட்ட நம் முதல் அட்டவணையில், சில மறுப்புகள் கண்டனத்துக்கு முன்பே வந்து நின்றன. கிழமைகளுக்கும் எண்தான். அந்த அளவுகோலில் பார்த்தால் நம் கிழமைப் பெயர் ஏழும் தேறாது.

பிற்காலத் தொகுப்புகளிலும் கவனம் வேண்டும். தொடக்ககாலக் குவேக்கர் பிரசங்கி ஜேம்ஸ் நெய்லரின் எழுத்துகளை ஜார்ஜ் வைட்ஹெட் 1716இல்தான் தொகுத்தார், சங்கடமானவை விடுபட்டன. ஃபாக்ஸின் நாட்குறிப்பை 1694இல் தாமஸ் எல்வுட் செப்பனிட்டு அச்சிட்டார். கைப்பிரதியை ஒட்டிய பதிப்பு 1911இல்தான் வந்தது.

மொழிபெயர்ப்புக் குழுவில் எழுந்த தகராறு, எல்லாரையும் ஒருமையில் விளிக்கும் குவேக்கர் வழக்கம் பற்றியது. இதற்காகவே ஃபாக்ஸ், ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி மூவரும் 1660இல் பல மொழிகளின் ஒருமை பன்மையைக் காட்டி ஒரு நூல் போட்டார்கள். கடவுளை ‘நீ’ என்பதில் நமக்குக் கூச்சமில்லை. நீதிபதியை ‘நீ’ என்று எழுதத்தான் கை தயங்குகிறது. ‘தாங்கள்’ என்று மாற்றினால் அவர்கள் ஏன் அடிபட்டார்கள் என்பதே விளங்காது. எல்லா இடத்திலும் ‘நீ’ என்றே முடிவாயிற்று. எதிராளிகளும் சண்டையில் ‘நீ’ என்றே எழுதுகிறார்கள், அது வசை. இரண்டையும் பிரித்துக்காட்டும் குறிப்பை முன்னுரையில் சேர்க்க வேண்டும்.

நூல் சேகரிப்பில் 1673ஆம் ஆண்டு ஏற்பாட்டையே பின்பற்றினோம். லண்டனில் திங்கட்கிழமை காலைகளில் கூடி, நண்பர்களின் (குவேக்கர்களின்) கைப்பிரதிகளை அச்சுக்கு முன் சரிபார்த்த குழு, தம்மவர் நூலில் இரண்டு படியும் எதிர்ப்பு நூலில் ஒரு படியும் சேர்த்துவைக்க அவ்வாண்டு முடிவெடுத்தது. லண்டன் நண்பர்கள் நூலகம் அப்படித் தொடங்கியதுதான். இரு தரப்புக்கும் ஜோசப் ஸ்மித் தொகுத்த பட்டியல்கள் (1867, 1873) இன்றும் நம்பத்தக்கவை.

வரும் ஆண்டுக்கு, குவேக்கரைக் கண்டித்த சார்லஸ் லெஸ்லியின் ‘புல்லில் பாம்பு’ (1696), அதற்கு வைட்ஹெட் (1697), ஜோசப் வைத் (1699) எழுதிய விடைகள் எடுக்கப்படுகின்றன. தணிக்கை செய்த வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எதிர்ப்பு நூல் அடுக்கில் எதற்கும் ஒரு படிதான் உண்டு. எடுத்துச் சென்றவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்